போற டிக்கெட் சரி, திரும்புற டிக்கெட் எங்கே?

லீவும் பயணமும் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டார்கள். வந்த கடிதங்களைக் கட்டாகக் கட்டி என்னிடம் அனுப்பிவிட்டார்கள். முக்கால்வாசி தீபாவளி. மிச்சத்தில் பாதி, "மேனேஜர் லீவு தரமாட்டேன் என்கிறார், என்ன செய்வது?" அதற்கு என்னிடம் மருந்து கிடையாது. முப்பத்து மூன்று வருடம் ரயில்வே முன்பதிவுக் கவுன்ட்டரில் உட்கார்ந்து எழுந்தவள் நான். எனக்குத் தெரிந்தது தேதியும் பெர்த்தும். கொஞ்சம் லீவு விதி. அதை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வணக்கம் மேடம். எனக்கு ஊர் தென்காசி. சென்னையில் ஐ.டி. வேலை. ஒவ்வொரு தீபாவளிக்கும் காலை 8 மணிக்குக் கணினி முன்னால் உட்கார்கிறேன். 8.02-க்கு வெயிட்டிங் லிஸ்ட் 180 என்கிறது. இந்த வருடமாவது எப்படிப் பிடிப்பது?
— ஒரு வாசகர், மேடவாக்கம்

தம்பி, முதலில் கணக்கு. 2024 நவம்பர் 1-லிருந்து முன்பதிவு 60 நாள்தான், பயணம் கிளம்பும் நாளைச் சேர்க்காமல். அதற்கு முன்னால் 120. இது புதிதும் இல்லை. 2013-ல் 120-ஐ 60 ஆக்கினார்கள், 2015-ல் மறுபடி 120 ஆக்கினார்கள். ஒவ்வொரு முறையும் நாங்கள் கவுன்ட்டரில் ஒரு மாதம் திட்டு வாங்கினோம்.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஊரே குறி வைப்பது நவம்பர் 6 வெள்ளி ராத்திரியை. அதற்கு முன்பதிவு திறப்பது செப்டம்பர் 7, திங்கட்கிழமை காலை 8 மணி. வியாழன் ராத்திரியே கிளம்புவதாக இருந்தால் செப்டம்பர் 6, ஞாயிறு. காலண்டரில் இப்போதே வட்டம் போட்டுவிடுங்கள்.

இது வரைக்கும் எல்லாரும் செய்வார்கள். நான் கவனித்த சங்கதி வேறு. பொதிகை எக்ஸ்பிரஸில் வெள்ளிக்கிழமை பெர்த் வாங்கிவிட்டால் போதும், மனிதனுக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. வீட்டுக்கு போன் பண்ணி, "அம்மா, டிக்கெட் கிடைச்சிருச்சு" என்று சொல்லியாகிவிட்டது. அத்தோடு மறந்துவிடுகிறான். திரும்பும் டிக்கெட் அன்றைக்குத் திறக்காது, அதற்கும் அதே 60 நாள் கணக்குதான். ஞாயிறு ராத்திரி திரும்ப செப்டம்பர் 9, திங்கள் ராத்திரிக்கு செப்டம்பர் 10, செவ்வாய் ராத்திரிக்கு செப்டம்பர் 11. இந்த மூன்று நாள் இடைவெளியில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நான்கு நாள் கழித்து என் கவுன்ட்டருக்கு வந்து, "மேடம், போறதுக்கு இருக்கு, வர்றதுக்கு ஏதாவது பண்ணுங்க" என்பார்கள். நான் என்ன பண்ண, வண்டிக்கு ரப்பரா வைத்திருக்கிறேன் இழுக்க?

உங்களிடம் ஒரே ஒரு நாள் லீவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை போட்டு வியாழனே கிளம்பலாம். இல்லாவிட்டால் திங்கள் போட்டு ஒரு நாள் தள்ளித் திரும்பலாம். எதைச் செய்வது? பின்னதைத்தான் செய்யச் சொல்வேன். போகும்போது கூட்டம் பரவும். புதன் சிலர், வியாழன் சிலர், வெள்ளி பலர், சனிக்கிழமை பகல் வண்டியில் மிச்சம். சிறப்பு ரயிலும் பேருந்தும் அந்தப் பக்கம்தான் அதிகம் கண்ணில் படும். திரும்பும்போது அப்படி இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபீசில் நிற்க வேண்டிய அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் ஏறப் பார்க்கிறார்கள். அந்த ராத்திரியை விட்டு ஒதுங்குவதற்குத்தான் லீவைச் செலவழிக்க வேண்டும்.

முடிந்தால் திங்கள், செவ்வாய் இரண்டையும் போட்டுவிட்டு செவ்வாய் ராத்திரி ஏறுங்கள். அம்மா கையால் இன்னும் இரண்டு வேளைச் சாப்பாடும் ஆயிற்று.

8.02 விஷயத்துக்கு வருகிறேன். முன்பதிவு திறக்கும் முதல் நாளில் இப்போது ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் இணையத்தில் டிக்கெட் போட முடியும். உங்கள் கணக்கு அப்படி இருக்கிறதா என்று முந்தின வாரமே பாருங்கள். எட்டு மணிக்கு ஓ.டி.பி. வரவில்லை என்று அலறிப் பிரயோஜனம் இல்லை. பயணிகள் பெயர், வயதை முன்கூட்டியே பட்டியலில் சேமித்து வைத்தால் தட்டச்சு நேரம் மிச்சம். 'லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும்' என்கிற நிபந்தனையைத் தீபாவளிக்குப் போடாதீர்கள். முப்பது வயதுப் பையன் மேல் பெர்த்தில் ஏறினால் ஒன்றும் ஆகிவிடாது.

தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வருகிறதே, அரசு திங்கட்கிழமை லீவு விடுமா? அதை நம்பி டிக்கெட் போடலாமா?
— பள்ளி ஆசிரியை, அரியலூர்

முன்பு விட்டிருக்கிறார்கள். 2023-லும் தீபாவளி ஞாயிறுதான், நவம்பர் 12. திங்கட்கிழமை விடுமுறை அறிவித்து, அதற்கு ஈடாக நவம்பர் 18 சனிக்கிழமையை வேலை நாள் ஆக்கினார்கள். 2024-ல் தீபாவளி வியாழன் வந்தபோது வெள்ளிக்கிழமையைக் கொடுத்து, நவம்பர் 9 சனிக்கிழமையை எடுத்துக்கொண்டார்கள். 2025 பொங்கலுக்கும் ஜனவரி 17 வெள்ளியைச் சேர்த்து விட்டு, ஜனவரி 25 சனிக்கிழமை வரச் சொன்னார்கள்.

ஆனால் டீச்சர், இந்த அறிவிப்பு பண்டிகை நெருங்கும்போதுதான் வரும். டிக்கெட்டோ அறுபது நாள் முன்னால் போட வேண்டியது. அதனால் அறிவிப்பு வராது என்றே நினைத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்கு ஒரு சி.எல். (தற்செயல் விடுப்பு) ஒதுக்கி வைத்து டிக்கெட் போடுங்கள். அறிவிப்பு வந்தால் சி.எல். மிச்சம். ஒன்றே ஒன்று: ஈடு செய்யும் சனிக்கிழமையன்று உறவில் கல்யாணம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விட்ட லீவைத் திருப்பி வாங்குவதில் அரசு கறார்.

நான் மாநில அரசு ஊழியர், மனைவி மத்திய அரசு. இரண்டு பேருக்கும் லீவு ஒத்தே வருவதில்லை. ஆயுத பூஜைக்கு நான்கு நாள் சேர்ந்து வருகிறது என்று நான் சந்தோஷப்பட்டால் அவள், "எனக்குத் திங்கள் ஆபீஸ்" என்கிறாள்.
— ஒரு கணவர், திருச்சி

அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான், சார். உங்கள் பட்டியல் வேறு, அவர் பட்டியல் வேறு. மத்திய அரசு ஊழியருக்குக் கட்டாய விடுமுறை 14. அதில் பொங்கல் கிடையாது என்று சொன்னால் நம் ஊரில் பல பேர் நம்ப மாட்டார்கள். இன்னொரு பன்னிரண்டு நாள் பட்டியலிலிருந்து அந்தந்த மாநிலத்து மத்திய அரசு ஊழியர் ஒருங்கிணைப்புக் குழு மூன்றைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும். பொங்கல் அப்படித்தான் உள்ளே வருகிறது. விஜயதசமி கட்டாயப் பட்டியலில் இருக்கிறது. 'தசராவுக்குக் கூடுதலாக ஒரு நாள்' என்பது அந்தப் பன்னிரண்டில் ஒன்று. அதைக் குழு எடுத்திருந்தால்தான் ஆயுத பூஜைக்கு உங்கள் மனைவிக்கு லீவு. அவர் அலுவலகச் சுற்றறிக்கையை வருடத் தொடக்கத்திலேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள், தெலுங்கு வருடப்பிறப்பு, 2021-லிருந்து தைப்பூசம் இதெல்லாம் உங்கள் பக்கம். புத்த பூர்ணிமா, குரு நானக் ஜெயந்தி அவர் பக்கம். இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்து, இருவருக்கும் பொதுவான நாளை ஒரு கலரில் அடியுங்கள். ஒருவருக்கு மட்டும் லீவான நாளில் மற்றவர் ஆர்.ஹெச். (பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கும் விருப்ப விடுமுறை) போட முடிகிறதா பாருங்கள். உங்களுக்கு வருடத்துக்கு மூன்று, அவருக்கு இரண்டு. சி.எல்.லில் கை வைக்கும் முன் இதைத் தீர்த்துவிட வேண்டும். டிசம்பர் கடைசியில் "ஆர்.ஹெச். வீணாப் போச்சு" என்று புலம்பாத அரசு ஊழியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்த வருடம் அக்டோபர் 17 சனி, 18 ஞாயிறு, 19 ஆயுத பூஜை, 20 விஜயதசமி. அக்டோபர் 16 வெள்ளி ராத்திரி கிளம்ப ஆகஸ்ட் 17 திங்கள் காலை முன்பதிவு. செவ்வாய் ராத்திரி திரும்ப ஆகஸ்ட் 21. சுதந்திர தினம் சனிக்கிழமை வருகிறதா, அந்த வார இறுதியில் எங்கேயாவது போய்விட்டு, திங்கட்கிழமை காலையில் பஸ்ஸில் இருந்துகொண்டு சிக்னல் தேடாதீர்கள்.

சி.எல்.லை இப்படி முன்னும் பின்னும் ஒட்டும்போது உங்கள் மாநில அரசுப் பக்கம் ஒரு விதி: சி.எல்., ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் பத்து நாளைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) எழுதுங்கள்.

திருச்சியில் நள்ளிரவு 12.40-க்கு ஏற வேண்டிய வண்டி. சனிக்கிழமை டிக்கெட். சனிக்கிழமை ராத்திரி போனால், வண்டி நேற்றே போய்விட்டது என்கிறார்கள்!
— ஏமாந்த வாசகர், துறையூர்

ஐயா, நீங்கள் தனி ஆள் இல்லை. ராத்திரி 12 தாண்டினால் தேதி மாறிவிடும். சனிக்கிழமை 12.40 என்றால் வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். டிக்கெட்டில் இருப்பது நீங்கள் ஏறும் நேரத்துத் தேதி.

சிரிக்க மாட்டேன். ஏனென்றால் என் கொழுந்தனார் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டு ஆறு பேருக்கும் டிக்கெட் போட்டது நான். பத்து வருட சர்வீஸ் அப்போது. ஊருக்கெல்லாம் தேதியைச் சரிபார்த்துக் கொடுத்தவள், சொந்த டிக்கெட்டில் ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தேன். என் மாமியார் அதைப் பதினெட்டு வருடம் விடாமல் சொன்னார்.

முன்பதிவு நாளைக் கணக்குப் போடும்போதும் இதே வில்லங்கம் உண்டு. அறுபது நாள் என்பது வண்டி புறப்படும் ஊரின் தேதியிலிருந்து. வெள்ளிக்கிழமை கிளம்பி உங்கள் ஊருக்குச் சனிக்கிழமை வருகிற வண்டிக்கு, வெள்ளிக்கிழமைக் கணக்குப்படி ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிடும். நீங்கள் மறுநாள் போய் நின்றால் இலை எடுத்து முடித்திருப்பார்கள்.

வெயிட்டிங் லிஸ்ட் 43. கன்ஃபார்ம் ஆகுமா?
— இதே கேள்வி பதினோரு பேர்

43 மட்டும் சொன்னால் ஜோசியக்காரர்கூடப் பதில் சொல்ல மாட்டார். பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது? ஜி.என்.டபிள்யூ.எல். என்றால் பொதுப் பட்டியல். வண்டி புறப்படும் ஊரிலிருந்தோ அதற்குப் பக்கத்திலிருந்தோ போகிறவர்களுக்கு. அதுதான் நன்றாக நகரும். பி.கியூ.டபிள்யூ.எல்., ஆர்.எல்.டபிள்யூ.எல். எல்லாம் நடுவழி ஊர்களுக்குப் பொதுவாக ஒதுக்கிய கொஞ்சம் பெர்த்துக்கான வரிசை. அங்கே 10 இருந்தாலும் நான் பேருந்துக்கு மாற்று ஏற்பாடு பார்ப்பேன். தட்கல் வெயிட்டிங் கடைசி. பொதுப் பட்டியல் தீர்ந்த பிறகுதான் அதன் முறை.

சாதாரண வாரத்தில் பொதுப் பட்டியல் 43, ஸ்லீப்பரில் ஏறிவிடும். தீபாவளிக்கு முந்தின நாளில் யார் ரத்து செய்வார்கள், சொல்லுங்கள்? அந்த வாரத்துக்கு 43 பெரிய எண். அதே 43, தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் திரும்பும் வண்டியில் என்றால் தைரியமாக இருங்கள். ஜாக்கிரதைக்கு இரண்டு மூன்று நாளில் டிக்கெட் போட்டு வைத்தவர்கள் ஒவ்வொன்றாக ரத்து செய்வது அப்போதுதான்.

கடைசிவரை கன்ஃபார்ம் ஆகாத இ-டிக்கெட், சார்ட் (கடைசிப் பயணிகள் பட்டியல்) போட்டவுடன் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது. "டி.டி.இ.யைப் பார்த்துக்கலாம்" என்பதெல்லாம் பழைய காலம்.

பின்னலாடைக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆகஸ்ட் 15 சனிக்கிழமை ஷிப்மெண்ட் இருக்கிறது, வேலைக்கு வா என்கிறார்கள். ஊருக்குப் போக இருந்தேன். லீவு கேட்க எனக்கு உரிமை உண்டா?
— வாசகி, திருப்பூர்

உண்டும்மா. தமிழ்நாட்டில் இதற்கென்று 1958-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. தொழில் நிறுவனங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள், அதோடு பண்டிகை விடுமுறை ஐந்து, ஆக ஒன்பது நாள் சம்பளத்தோடு விட வேண்டும். அந்த நாளில் வேலை வாங்கினால் ஒன்று இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளமும் வேறொரு நாள் சம்பளத்தோடு லீவும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வாய்ச்சொல்லாக விடாதீர்கள். இரண்டில் எது என்று கேட்டு, சூப்பர்வைசரிடம் ஒரு சீட்டிலாவது எழுதி வாங்குங்கள்.

மாற்று லீவு என்றால், செப்டம்பர் 14 விநாயகர் சதுர்த்தி திங்கட்கிழமை வருகிறது. உங்கள் கம்பெனி ஐந்து பண்டிகையில் அது இருந்தால், 15 செவ்வாயை மாற்று லீவாகக் கேளுங்கள். ஞாயிறோடு மூன்று நாள். ஆகஸ்ட் 15-ல் ஒரு நாள் ஓடிப்போய் ஓடி வருவதைவிட அதில் அம்மாவோடு உட்காரலாம்.

எங்கள் கம்பெனியில் வெள்ளியும் திங்களும் லீவு போட்டால் நடுவில் இருக்கும் சனி, ஞாயிறையும் லீவாகக் கழிக்கிறார்கள். நியாயமா?
— பெயர் வேண்டாம், சென்னை

சாண்ட்விச் லீவு என்பார்களே, அது. நியாயமா என்பது வேறு, உங்கள் கம்பெனியின் லீவு விதியில் எழுதியிருக்கிறதா என்பது வேறு. எழுதியிருந்தால் அதற்குள் வழி பாருங்கள். பெரும்பாலும் இரு பக்கமும் லீவு போட்டால்தான் நடுவை விழுங்குவார்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் தப்பிக்கும். எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டால் மேடவாக்கம் தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். திங்கள்.

வங்கியில் இருக்கிறேன். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்றால் என் பையன் பள்ளிக்கூடம் மூடுகிறது, என் வங்கி மூடுவதில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை?
— வங்கி ஊழியர், தூத்துக்குடி

பனிமய மாதா திருவிழாவுக்கு விட்ட லீவைச் சொல்கிறீர்கள் போல. மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை, செலாவணி முறிச் சட்டத்தின் (நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) கீழ் வராது. வங்கி விடுமுறை அந்த 1881-ஆம் வருடச் சட்டத்தைப் பார்த்துத்தான். அதனால் பள்ளி, அரசு அலுவலகம் மூடும். கருவூலம் குறைந்த ஆட்களோடு திறந்திருக்கும். நீங்கள் வழக்கம்போல் கவுன்ட்டரில். பையனுக்கு வேறொரு சனிக்கிழமை ஈடு செய்ய வேண்டும், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை என்று தேற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனி இருக்கிறதே. அந்தச் சனியை ஒட்டித் திங்கட்கிழமை விடுமுறை வருகிற மாதத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். செப்டம்பர் 12 இரண்டாம் சனி, 13 ஞாயிறு, 14 விநாயகர் சதுர்த்தி. ஒரு நாள்கூட லீவு போடாமல் மூன்று நாள்.

நோன்புப் பெருநாளுக்கு எப்போதும் தேதிக் குழப்பம். பிறை தெரிந்த பிறகுதான் நாள் உறுதி. அறுபது நாள் முன்னால் எந்தத் தேதிக்கு டிக்கெட் போடுவது?
— வாசகர், கீழக்கரை; வேலை சென்னையில்

நல்ல கேள்வி பாய். ஒவ்வொரு வருடமும் கவுன்ட்டரில் உங்கள் ஊர்க்காரர்கள் இதற்காக என்னோடு சேர்ந்து விரல்விட்டு எண்ணியிருக்கிறார்கள்.

அரசுப் பட்டியலில் அச்சிட்டிருக்கும் தேதி ஒரு மதிப்பீடு. 29-ஆம் நோன்பு மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் அதற்கும் மறுநாள். தலைமை காஜி அறிவித்த பிறகுதான் உறுதி. ஆகவே போகும் டிக்கெட்டை 29-ஆம் நோன்புக்கு முந்தின ராத்திரிக்குப் போடுங்கள். எப்படி விழுந்தாலும் நீங்கள் ஊரில் இருப்பீர்கள். திரும்பும் டிக்கெட்டை, இரண்டில் பிந்தின நாளுக்கு மறுநாள் ராத்திரிக்குப் போடுங்கள். பெருநாள் முந்தினால் ஒரு நாள் கூட இருந்துவிட்டு வரலாம். பிந்தினாலும் பிரியாணி அண்டா இறக்கும் முன் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியிருக்காது. இடையில் விழும் அந்த ஒரு நாளுக்கு லீவை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிறை பார்த்துவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு மேனேஜருக்கு போன் செய்தால் அவருக்கு இந்தக் கணக்கு புரியாது.

பக்ரீத் இவ்வளவு சிரமம் இல்லை. துல்ஹஜ் பிறை தெரிந்து பத்தாவது நாள் என்பதால், பத்து நாள் முன்பே தேதி உறுதியாகிவிடும். டிக்கெட்டை மாற்ற முடியாது, லீவையாவது சரி செய்துகொள்ளலாம். மீலாது நபிக்கும் அப்படித்தான், பன்னிரண்டு நாள் முன்பே தெரிந்துவிடும்.

அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. நாங்கள் நால்வரும் சேர்ந்து டிக்கெட் போட்டோம். மூத்தவர்களுக்கு லோயர் பெர்த் தரவே இல்லை. சலுகையும் இல்லை.
— மகள், கும்பகோணம்

கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். லோயர் பெர்த் ஒதுக்கீடு நிற்கவில்லை. நீங்கள் நால்வரும் ஒரே டிக்கெட்டில் போட்டதுதான் சிக்கல். மூத்தவர் ஒருவரோ இருவரோ மட்டும் ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான் அந்த ஒதுக்கீட்டைக் கணினி எடுத்துக்கொள்ளும். இளையவர்கள் கலந்துவிட்டால் பொது வரிசை. அடுத்த முறை அப்பா அம்மாவுக்குத் தனி டிக்கெட். பெட்டி மாறிப்போகுமே என்றால், போகட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் எல்லாரும் தூங்கத்தானே போகிறீர்கள். இன்னொன்று, 45 வயது தாண்டிய பெண்களுக்கும் அந்த ஒதுக்கீடு உண்டு. பல பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்லி இழந்திருக்கிறார்கள், நான் சாட்சி.

காந்தி ஜெயந்தி வெள்ளிக்கிழமை. மூன்று நாள் ஊட்டி போகலாமா? காரில்.
— குடும்பத் தலைவர், வேலூர்

போகாதீர்கள் என்பேன். கேட்க மாட்டீர்கள் என்றும் தெரியும்.

காரில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவில் 2024 மே மாதம் வந்தது, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000 வண்டி என்று உச்சவரம்பே போட்டார்கள். கொடைக்கானலுக்கு 4000, 6000. அப்படி வரம்பு போடும் அளவுக்கு அங்கே நெரிசல் என்றால் மூன்று நாள் விடுமுறையில் மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டி எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பொதுப் பேருந்தில் போகிறவருக்குப் பாஸ் வேண்டாம்.

பிள்ளைகள் மலை ரயிலுக்காகத்தான் கேட்கிறார்கள் என்றால், சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் காட்பாடி வழியாகத்தான் வருகிறது. ராத்திரி ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். ஏழு மணி சுமாருக்கு மலை ரயில் கிளம்பிவிடும். 46 கிலோமீட்டர். ஆனால் அக்டோபர், நவம்பர் மழையில் பாதையில் மண் சரிந்தால் ரத்து செய்துவிடுவார்கள். விடுமுறை முடிந்த வாரம், செவ்வாய் புதனில் இரண்டு நாள் லீவு போட்டுப் போங்கள். லீவு செலவாகும், ஆனால் ஊட்டியைப் பார்ப்பீர்கள். விடுமுறையில் போனால் முன்னால் நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பீர்கள்.

மேடம், இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கிறீர்களா?
— குறும்புக்கார வாசகி, விருதுநகர்

முப்பத்து மூன்று வருடத்தில் நான்கு முறை. பண்டிகை சமயத்தில் கவுன்ட்டர் ஆட்களுக்கு லீவு கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் எல்லாரும் ஒரே சமயம் கேட்க முடியாது. யாருக்குச் சின்னக் குழந்தை, யார் வீட்டில் தலை தீபாவளி என்று பார்த்து எங்களுக்குள்ளேயே விட்டுக்கொடுப்போம். ஒரு தீபாவளியன்று காலை ஷிப்டில் முதல் முக்கால் மணி நேரம் ஒரு மனிதர்கூட வரவில்லை. எட்டே முக்காலுக்கு ஒரு பெரியவர் புது வேட்டியில் வந்தார். டிக்கெட் எடுக்க இல்லை. "நேற்று மகனை வண்டி ஏற்றிவிட எனக்கு ஒரு பெர்த் பார்த்துக் கொடுத்தாய் அம்மா" என்று சொல்லி, ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் அதிரசத்தைத் தள்ளினார். எந்த மகன், எந்த வண்டி, எனக்கு நினைவே இல்லை. அதிரசம் நினைவிருக்கிறது.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த வருடம் தீபாவளிக்கு நாங்கள் கிளம்புவது நவம்பர் 12 வியாழக்கிழமை, பகல் வைகை எக்ஸ்பிரஸில். அதற்கு முன்பதிவு செப்டம்பர் 13, ஞாயிறு. அன்றைக்கு எட்டு மணிக்கு யாரும் முண்டியடிக்க மாட்டார்கள். நான் காபி குடித்துவிட்டு ஒன்பதரைக்கு உட்காருவேன்.